கொம்பு

இரண்டாம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில்
மலர், மொட்டு, அரும்பு என்று மூன்று பட்டியல்.
மூன்றாவதில் கடைசிப் பெயர்
ரெஜிஸ்.
பிறகு எனக்கு மட்டும் தனியாக ஒரு வரி:
"வயசுக்கேத்த எழுத்து இன்னும் வரலை,
வீட்ல கொஞ்சம் பாருங்கம்மா."

படித்தபோது என் கையில்
ஒரு நண்டு இருந்தது.
மூக்கையூர் கம்பெனி ஷெட்டில்
விடியற்காலை ஐந்திலிருந்து எனக்கு அதுதான் வேலை.
ஓட்டின் குறுக்கே அளவுகோலை வைப்பேன்.
பெரிசு இந்தப் பெட்டி, நடுத்தரம் அந்தப் பெட்டி,
கோட்டைத் தொடாதது தள்ளுபடி.
எந்த நண்டிடமும் வயது கேட்டதில்லை.
அந்த ஒன்றை எதில் போட்டேன் என்று
இப்போது ஞாபகமில்லை.

டீச்சரைக் குறை சொல்ல மாட்டேன்.
நாற்பத்திரண்டு பிள்ளைகள், ஒரு போன்.
ஏதாவது ஒரு கட்டத்தைத் தொட்டால்தான்
அடுத்த பக்கம் திறக்குமாம்.

மாலையில் நோட்டை விரித்தேன்.
க நேராக நிற்கிறது. ட பரவாயில்லை.
ண-வுக்குச் சுழி நாலோ ஐந்தோ,
நிறுத்த மனமில்லாமல் சுற்றியிருக்கிறான்.
வரிகள் இடப்பக்கம் ஒழுங்காகக் கிளம்பி
போகப்போக
கச்சானில் வள்ளம் சாய்வதுபோல் சாய்கின்றன.
கறிவேப்பிலை கேட்கப் போனவள்போல் போய்
அடுத்த வீட்டு அமலியின் நோட்டையும்
ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்தேன்.
அச்சடித்தாற்போல் எழுதுகிறாள், பாவி.

அமலி என்று எழுத எவ்வளவு நேரமாகும்?
மூன்றே எழுத்து, ஒரே ஒரு வளைவு.
என் பிள்ளைக்கோ
எடுத்த எடுப்பில் கொம்பு, நடுவில் ஜ,
கடைசியில் ஸ், அதன் தலையில் புள்ளி.
ஞானஸ்நானத்துக்கு முன்னால் வந்த பட்டியலில்
இதுதான் ஸ்டைலா இருக்கு என்று விரல் வைத்தவள் நான்.
இதை ஒருவன் ஒருநாள்
நாலு கோட்டுக்குள் எழுதவேண்டி வரும் என்று
யாருக்குத் தோன்றியது?

இன்னொரு கணக்கும் இருக்கிறது, யாரிடமும் சொல்வதில்லை.
எட்டாம் மாதம் பிறப்பதற்குள் அவசரப்பட்டு
ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில் பிறந்து
முப்பத்தொரு நாள் கண்ணாடிப் பெட்டியில் கிடந்தவன்.
குப்புற விழுந்தபோதும் நடந்தபோதும்
முதல் சொல் வந்தபோதும்
"பிந்துதே" என்றவர்களுக்குத் தலையாட்டிவிட்டு
உள்ளுக்குள் இரண்டு மாதம் கழித்துக்கொள்வேன்.
ஏழு வயதிலும் கழிக்கலாமா?
இந்தச் சலுகைக்குக் கடைசித் தேதி எது?
டாக்டர் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

பெயரை எழுதச் சொன்னேன்.
ர போட்டான்.
அதன் வலப்பக்கம் கொம்பு வைத்தான்.
"கொம்பு முன்னாலடா."
"ஏன்? வாயில ர தான மொதல்ல வருது?
எ அதுக்குப் பொறகுதான வருது?"
சொல்லிப் பார்த்தேன். ரெ. ரெ.
அவன் சொல்வதுதான் சரி.
பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள்,
இருபத்தைந்து வருஷமாகக் கொம்பை முன்னால் போடுகிறவள்,
"அப்படித்தான். போடு" என்றேன்.
போட்டான், என்னைப் பார்த்துக்கொண்டே.

சனிக்கிழமை ஷெட்டுக்குக் கூட வந்தான்.
தெர்மக்கோல் மூடி ஒன்றில்
ஆணியால் கீறியிருக்கிறான், நான் கவனிக்கவில்லை.
ஐஸ் போட்டு, டேப் ஒட்டி,
வேன் தூத்துக்குடிக்குப் போய்விட்டது.

செவ்வாயன்று காலிப் பெட்டிகள் திரும்பி வந்தன.
ர-வுக்கு வலப்புறம் கொம்பு,
படிப்பவர்களுக்கு அது ஜி-யின் கொம்பு.
மேலே சிவப்பு மார்க்கரில் பெரிய டிக்.
அங்கே பெட்டி எண்ணுகிற யாரோ
எல்லா மூடியிலும் போடுவதுதான்.

அதை மட்டும் வீட்டுக்கு எடுத்துப்போனேன்.
"ஐ, ரைட்டு!" என்றான்.
எண்ணிக்கைக்குப் போட்டது என்று
சொல்ல வாய் வரவில்லை.
மூடியை மடியில் வைத்துக்கொண்டே சோறு தின்றான்.
பாதியில் நிறுத்தி
எச்சில் விரலால் அந்த இடத்தைத் தொட்டு,
"கொம்பு தப்பாயிருக்கேம்மா,
இவுங்க பார்க்கவே இல்லையா?"